இரண்டு ‘லாம்’கள்

1

தமிழில் ‘லாம்’ என்று முடியும் வினைச்சொல் இரண்டு காரியங்களைச் செய்கிறது. ‘நீங்கள் உள்ளே வரலாம்’ என்பது அனுமதி. ‘இன்று மழை வரலாம்’ என்பது அனுமானம். முன்னதைச் சொல்பவனிடம் கதவின் சாவி இருக்கிறது. பின்னதைச் சொல்பவனிடம் வானத்தை அண்ணாந்து பார்ப்பதைத் தவிர வேறு உபாயம் இல்லை. வரல், ஆம் என்று பிரித்தால் இரண்டிலும் ஒரே ‘ஆம்’தான் மிஞ்சுகிறது. அதிகாரமும் அறியாமையும் ஒரே விகுதியைப் பகிர்ந்துகொள்வது மொழியின் குறை என்று யாராவது சொல்லக்கூடும். எனக்கு அப்படிப் படவில்லை. நம் காலத்தின் சில தார்மீகப் பிரச்னைகள் இந்த இரண்டு ‘லாம்’களுக்கும் நடுவில்தான் கிடக்கின்றன.

வீட்டில் புழங்கும் கிருமிநாசினிகளை எடுத்துக்கொள்கிறேன். தரை துடைக்கும் திரவம், சோப், கைகழுவும் திரவம், வாய் கொப்பளிக்கும் திரவம் போன்றவை. புட்டி நமக்குச் சொல்வது: இதைத் தினமும் பயன்படுத்தலாம். சோதனைச்சாலைகளிலிருந்து அவ்வப்போது வந்து சேரும் வாக்கியம்: இவற்றில் சில வளரும் மூளையைப் பாதிக்கலாம். இரண்டு வாக்கியங்களும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. சண்டை சச்சரவு இல்லாமல் ஒரே புட்டியின் மேல் இரண்டும் குடியிருக்கின்றன. இந்தச் சமாதானம்தான் எனக்குத் தொந்தரவாக இருக்கிறது.

2

இந்த ஐயம் வெறும் பீதி அல்ல. அதற்கு ஒரு சரித்திரம் உண்டு.

ஹெக்ஸாக்ளோரோஃபீன் என்ற ரசாயனத்துக்கு 1941இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. அடுத்த முப்பது ஆண்டுகளில் அது சோப்பிலும் ஷாம்பூவிலும் பவுடரிலும் வியர்வை நாற்றம் போக்கும் பூச்சுகளிலும் புகுந்துவிட்டது. சிசுக்கள் பிறந்து கிடக்கும் ஆஸ்பத்திரி வார்டுகளிலும் புகுந்தது. அங்கு அதற்கு நியாயமான வேலை இருந்தது. 1950களில் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் சிசு வார்டுகளில் பரவி உயிர்களைக் குடித்துக்கொண்டிருந்தது. 3 சதவீத ஹெக்ஸாக்ளோரோஃபீன் கலந்த திரவத்தால் சிசுக்களைக் குளிப்பாட்டினார்கள். தொற்று அடங்கியது. வெகு சில நாட்களே ஆன உடம்பின் மேல் தினமும் அது தேய்க்கப்பட்டது.

1971இல் ரெனேட் கிம்ப்ரோ, தாமஸ் கெய்ன்ஸ் என்ற இருவர் இந்த ரசாயனத்தை உணவில் கலந்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளின் மூளையில் வெண்பகுதி பஞ்சுபோல் துளைவிட்டிருந்தது. புதிதாகப் பிறந்த குரங்குக்குட்டிகளை 90 நாட்கள் தினமும் 3 சதவீதத் திரவத்தால் கழுவியபோது அவற்றின் மூளையிலும் அதே துளைகள். தின்னக் கொடுக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. தோல் வழியாகவே போகிறது. 1971 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சிசுக்களை இதில் குளிப்பாட்ட வேண்டாம் என்று எச்சரித்தது. 1972 செப்டம்பரில் 0.75 சதவீதத்துக்கு மேல் இருப்பவை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கப்படக் கூடாது என்று ஆயிற்று.

இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையில் பிரான்சில் மோராஞ்ஜ் என்ற பெயரில் ஒரு குழந்தைப் பவுடர் விற்பனையாகிக்கொண்டிருந்தது. அதில் ஹெக்ஸாக்ளோரோஃபீன் இருக்க வேண்டியதே இல்லை. தயாரிப்பில் நேர்ந்த ஒரு தவறால் 6 சதவீதத்துக்கும் அதிகமாகக் கலந்துவிட்டது. 204 குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். 36 குழந்தைகள் இறந்துபோனார்கள். தாய்மார்கள் தங்கள் கையால், குழந்தையின் தொடையிடுக்கில் புண் வரக் கூடாது என்று போட்ட பவுடர். புண் கண்ட இடத்தில் இன்னும் கொஞ்சம் அதிகமாகப் போட்டிருப்பார்கள். தோல் உரிந்த இடத்தில் ரசாயனம் இன்னும் சுலபமாக உள்ளே போகும். வழக்கு விசாரணை 1979இல்தான் நடந்தது.

இந்தச் சரித்திரத்துக்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. 1976 ஜூலை 10ஆம் தேதி இத்தாலியில் ஸெவெஸோ என்ற ஊரின் மேல் டையாக்ஸின் மேகம் ஒன்று இறங்கியது. ஆயிரக்கணக்கான பிராணிகள் மாண்டன, குழந்தைகளின் முகம் கொப்பளித்தது. அந்த ஆலையில் அன்று தயாராகிக்கொண்டிருந்தது ட்ரைக்ளோரோஃபீனால். அது ஹெக்ஸாக்ளோரோஃபீன் செய்வதற்கான மூலப்பொருள். உலகத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்வதற்கான ஒரு பொருளின் பொருட்டு ஒரு ஊரின் மேல்மண்ணையே சுரண்டி எடுக்க வேண்டி வந்தது.

3

ஏன் மூளை? இந்தக் கேள்விக்கு ரசாயனம் தரும் பதிலில் ஒரு தத்துவ விஷயம் இருக்கிறது.

‘கிருமி’ என்பது நம் வார்த்தை. நமக்கு ஆகாதது என்ற தீர்ப்பு அதற்குள் ஏற்கனவே இருக்கிறது. ரசாயனத்துக்கு அந்த வார்த்தை தெரியாது. அது சவ்வை மட்டுமே அறியும். பாக்டீரியாவைச் சுற்றியுள்ள சவ்வில் கொழுப்பு இருக்கிறது; அதில் புகுந்து குலைத்தால் பாக்டீரியா சாகும். மூளையின் நரம்பிழைகளைச் சுற்றி மையலின் என்ற உறை இருக்கிறது. அடுக்கடுக்காகச் சுருட்டி வைக்கப்பட்ட சவ்வுதான் அது. அதன் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 70 சதவீதமோ அதற்கு மேலோ கொழுப்பு. ஹெக்ஸாக்ளோரோஃபீன் அந்த அடுக்குகளுக்கிடையில் நீர் கோத்துக்கொள்ளச் செய்தது. பஞ்சுத் துளைகள் என்று கண்டது இதைத்தான். பாக்டீரியாவிடம் காட்டிய அதே குணத்தை அது குழந்தையிடமும் காட்டியது. அதில் வஞ்சனை எதுவும் இல்லை. பகைவன், பிள்ளை என்ற பேதம் நம் அகராதியில் இருக்கிறதே தவிர அதன் அகராதியில் இல்லை. ‘கிருமிகளை மட்டும் கொல்லும்’ என்று நாம் சொல்லிக்கொள்ளும்போது நம் தார்மீகத்தை ஒரு மூலக்கூறின் தலையில் ஏற்றிவைக்கிறோம்.

ஹெக்ஸாக்ளோரோஃபீன் போய்விட்டது. வேறு பெயர்கள் வந்தன. இன்றைய தரை திரவங்களிலும் துடைப்புத் தாள்களிலும் அதிகமாகக் காணப்படுவது குவாட்டர்னரி அம்மோனியம் என்ற குடும்பம். பென்ஸால்கோனியம் க்ளோரைடு அதில் ஒன்று. 2020இல் கொரோனா வந்தபோது உலகம் முழுவதும் இவற்றின் உபயோகம் ஏறியது. 2024இல் அமெரிக்காவில் க்ளீவ்லண்டின் கேஸ் வெஸ்டர்ன் ரிஸர்வ் பல்கலைக்கழகத்தில் எரின் கோன், பால் டெஸார் முதலானோர் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். மனிதர் அன்றாடம் எதிர்கொள்ளக்கூடிய 1,823 ரசாயனங்களை எடுத்து, மையலின் உறையைச் செய்யும் செல்களின் மேல் ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். குவாட்டர்னரி அம்மோனியம் சேர்மங்கள் சில அந்தச் செல்களைக் கொன்றன. அக்குடும்பத்தைச் சேர்ந்த ஸீட்டைல்பிரிடினியம் க்ளோரைடை வளரும் எலிக்குட்டிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தபோது அவற்றின் மூளையில் அந்தச் செல்கள் குறைந்தன. வாய் கொப்பளிக்கும் திரவங்களில் சேர்க்கப்படும் பொருள் இது.

இங்கு ஒன்றைக் கறாராகச் சொல்லிவிட வேண்டும். தரை துடைக்கும் திரவத்தால் மனிதக் குழந்தையின் மூளை கெடுகிறது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. தட்டில் வளர்த்த செல் குழந்தை ஆகாது, எலிக்குட்டியும் ஆகாது. வீட்டில் கிடைக்கும் அளவு, தோலுக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடைகள், உடம்பு அதை வெளியேற்றும் வேகம் எல்லாம் வேறு வேறு. ஆகவே ‘பாதிக்கும்’ என்று எழுத எனக்கு உரிமை இல்லை. ‘பாதிக்கலாம்’ என்று எழுதத்தான் உரிமை. ஆனால் 1971இல் எலிகளை மட்டும் பார்த்தவர்களுக்கும் அவ்வளவு உரிமைதான் இருந்தது.

நம் பேச்சில் இந்த ‘ஆம்’ வேறொரு இடத்திலும் வருகிறது. ‘மூளையைப் பாதிக்குமாம்.’ யாரோ சொன்னார்கள், நான் பொறுப்பில்லை என்று அர்த்தம். விஞ்ஞானியின் ‘பாதிக்கலாம்’ தெருவுக்கு வரும்போது ‘பாதிக்குமாம்’ ஆகிவிடுகிறது. முதலாவதற்குப் பின்னால் எண்ணிப் பார்த்த உழைப்பு இருக்கிறது, இரண்டாவதற்குப் பின்னால் காற்று. இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பவர்கள் இரு சாராரும் உண்டு. ஒருவர் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறார். மற்றவர் எதையும் சட்டை செய்வதில்லை.

4

மூளைக்கு நேரும் தீங்கை மற்ற தீங்குகளோடு ஒரே வரிசையில் வைக்க முடியாது என்பது என் கட்சி.

கை எரிந்தால் எரிகிறது என்று மூளை சொல்கிறது. ஈரல் கெட்டால் கண் மஞ்சளாகிறது, இன்னொருவர் பார்த்துச் சொல்கிறார். வளரும் மூளையில் சிறிதளவு குறைந்தால் யார் சொல்வது? குறைந்தவனுக்குக் குறையாத தன்னைத் தெரியாது. ஒப்பிட அவனிடம் முந்தைய பிரதி கிடையாது. ‘இவன் கொஞ்சம் மந்தம்’ என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள், ‘தாத்தாவைப் போல’ என்று வீட்டில் சொல்வார்கள். ஒரு தரைத் திரவத்தின் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அது உண்மையாக இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. மற்றக் குற்றங்களில் சாட்சி பார்த்தவனாக இருக்கிறான். இங்கு சாட்சி சொல்ல வேண்டிய உறுப்பே குற்றம் நடந்த இடம்.

இது கற்பனை வாதம் அல்ல. ஸியாட்டிலில் ஷூமன், லீச், ஆல்வர்ட் என்ற மூவர் 248 குழந்தைகளின் பிரேதப் பரிசோதனைகளை ஆராய்ந்து 1974இல் வெளியிட்டார்கள். ஹெக்ஸாக்ளோரோஃபீன் குளியலுக்கு உட்பட்டிருந்த, 1,400 கிராமுக்கும் குறைவான எடையுடன் பிறந்த குறைமாதக் குழந்தைகளின் மூளைத்தண்டில் அதே துளைகள் இருந்தன. எத்தனை முறை குளிப்பாட்டினார்கள், எவ்வளவு நன்றாக அலசினார்கள் என்பதற்கேற்பத் துளைகள் கூடின, குறைந்தன. அவர்கள் இறக்காமல் இருந்திருந்தால் அந்த மூளைகளை யாரும் திறந்திருக்கப் போவதில்லை. உயிரோடு வீட்டுக்குப் போன எத்தனையோ குழந்தைகளின் கணக்கு எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. அவர்களில் சிலருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. சிலருக்கு என்ன ஆயிற்று என்பதை அவர்களாலும் சொல்ல முடியாது.

ஆகவே, ‘யாராவது பாதிக்கப்பட்டதாகப் புகார் வந்திருக்கிறதா?’ என்ற கேள்வி மூளை விஷயத்தில் நேர்மையான கேள்வி ஆகாது. புகார் கொடுக்க முடியாதவனிடம் புகாருக்காகக் காத்திருக்கிறோம்.

5

இதற்கு எதிர்த்தரப்பு உண்டு. அது பலமான தரப்பு.

1847இல் வியன்னா பொது மருத்துவமனையில் இக்னாஸ் ஸெமல்வைஸ் மருத்துவர்களைக் க்ளோரின் சேர்ந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் செய்தார். ஏப்ரலில் பிரசவ வார்டில் நூற்றுக்குப் பதினெட்டுத் தாய்மார்கள் இறந்துகொண்டிருந்தார்கள். ஜூனில் அது இரண்டாகக் குறைந்தது. அவரிடமும் ‘லாம்’தான் இருந்தது. பிண அறையிலிருந்து கையோடு ஏதோ வரலாம். அது என்ன என்று அவரால் காட்ட முடியவில்லை. நிரூபணம் கேட்டவர்கள் அவரை ஒதுக்கினார்கள். 1865இல் ஒரு மனநோய் விடுதியில் இறந்தார். கழுவுதலின் பக்கம் நின்ற ‘லாம்’ அது. ஆகவே ஐயத்தைக் காரணம் காட்டுவதாலேயே ஒருவன் நியாயத்தின் பக்கம் நிற்கிறான் என்று ஆகாது.

இன்னொன்று: 1971 டிசம்பரில் ஹெக்ஸாக்ளோரோஃபீன் குளியலை நிறுத்தியதும் அமெரிக்க சிசு வார்டுகள் பலவற்றில் ஸ்டெஃபிலோகாக்கஸ் திரும்பி வந்தது. எச்சரிக்கைக்கும் விலை உண்டு; அந்த விலையையும் குழந்தைகளே கொடுத்தார்கள். ‘சந்தேகம் வந்தால் நிறுத்திவிடு’ என்பது கேட்பதற்கு எளிமையான தர்மம். ஒரு வார்டின் நடுவில் நின்று பார்த்தால் அது அவ்வளவு எளிமையாக இல்லை.

அப்படியானால் எதை வைத்துத் தீர்மானிப்பது? எனக்குத் தெளிவாகத் தெரிவது இதுதான்: அனுமதியின் ‘லாம்’ யாருக்குப் பயன், ஐயத்தின் ‘லாம்’ யார் தலையில் என்று இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்க வேண்டும். ஸெமல்வைஸின் வார்டில் பயனும் அபாயமும் ஒரே உடம்பில் இருந்தன. சிசு வார்டிலும் ஏறத்தாழ அப்படித்தான். அங்கு மருத்துவர் ஒரு தராசைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வீட்டுச் சோப்பில் அந்தத் தராசின் ஒரு தட்டு காலியாக இருக்கிறது.

இது என் அபிப்பிராயம் மட்டுமல்ல. 2016 செப்டம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ட்ரைக்ளோஸான், ட்ரைக்ளோகார்பான் உள்ளிட்ட 19 ரசாயனங்களைப் பொதுமக்கள் தண்ணீர் விட்டுக் கழுவும் சோப்புகளிலிருந்து விலக்கியது. மூளையைக் கெடுக்கும் என்று நிரூபணமானதால் விலக்கவில்லை. இவை நீண்டகால தினசரி உபயோகத்துக்குப் பாதுகாப்பானவை, சாதாரணச் சோப்பையும் தண்ணீரையும் விடச் சிறந்தவை என்று தயாரிப்பாளர்கள் காட்டவில்லை என்பதே காரணம். இந்த விதியின் முன்வரைவு 1978லேயே வந்துவிட்டது. 2010இல் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு வழக்குப் போட்ட பிறகுதான் கோப்பு அசைந்தது. 38 வருஷங்கள் ஒரு சோப் ‘பயன்படுத்தலாம்’ என்ற நிலையில் இருந்தது. அதில் பயன் உண்டா என்பது முடிவாகாமலே. அன்றைக்கும் மூன்று ரசாயனங்களின் தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது. அவற்றில் ஒன்று பென்ஸால்கோனியம் க்ளோரைடு.

வங்கியில் குமாஸ்தாவாக இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பத்தாயிரம் ரூபாய் கடன் கேட்டு வருபவனிடம் நாங்கள் நகையோ ஜாமீனோ கேட்கிறோம். அவன் ஏமாற்றுவான் என்று நிரூபித்துவிட்டா கேட்கிறோம்? ஏமாற்றலாம் என்பதற்காகக் கேட்கிறோம். நிரூபிக்கும் பாரம் வாங்குபவனுடையது. ஒரு ரசாயனம் குழந்தையின் மூளை வரை போய்வர அனுமதி கேட்கும்போது மட்டும் பாரம் இடம் மாறிவிடுகிறது. கொடுப்பவன் தீங்கை நிரூபிக்க வேண்டும். அதுவரை கடன் நிலுவையில் ஓடிக்கொண்டிருக்கும். சந்தேகத்தின் பலனைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்குத் தருவது நாகரிகம்தான். அவனுக்கு உயிரும் சுதந்திரமும் இருப்பதால் அது நாகரிகம். ஒரு மூலக்கூறுக்கு அவை எவையும் இல்லை.

6

பயன் காலியாக இருந்தும் நாம் ஏன் வாங்குகிறோம் என்பதற்கு விளம்பரத்தை மட்டும் குறை சொன்னால் போதாது. நம்மிடம் ஏற்கனவே ஒரு இலக்கணம் தயாராக இருந்தது. கண்ணுக்குத் தெரியாது, தொட்டால் ஒட்டும், வெளியிலிருந்து வரும், சடங்கால் நீங்கும் என்ற நான்கு விதிகள் கொண்ட இலக்கணம். தீட்டுக்கு நாம் எழுதிவைத்தது. கிருமி வந்தபோது அதை அப்படியே அந்த இடத்தில் உட்கார வைத்தோம். கிருமி உண்மையானது, தீட்டு பொய்யானது. இந்த வித்தியாசம் பெரியது. ஆனால் வீட்டுக்குள் இரண்டும் ஒரே மாதிரிதான் நடத்தப்படுகின்றன. தரையில் அந்த வாசனை அடித்தால் மனம் சமாதானமாகிறது. வாசனை எந்தக் கிருமியையும் கொல்வதில்லை என்று நமக்குத் தெரியும். இருந்தாலும் வாசனையே சாட்சியம். 99.9 சதவீதம் என்று புட்டியில் போட்டிருப்பது சோதனைச்சாலைத் தட்டின் கணக்கு. நம் வீட்டில் அது மந்திரத்தின் வேலையைச் செய்கிறது. அந்தத் திரவத்தில் வெறுங்கையை முக்கித் துணி பிழிபவள் பெரும்பாலும் வீட்டுக்காரியும் இல்லை. துடைத்த தரையில் தவழ்ந்து விரலை வாயில் வைத்துக்கொள்ளும் குழந்தை புட்டியைப் படிப்பதும் இல்லை. இங்கும் சமாதானம் ஒருவருக்கு, ‘லாம்’ இன்னொருவருக்கு.

மறுபடியும் இலக்கணத்துக்கு வருகிறேன். ‘பாதிக்கலாம்’ என்பதை மறுத்துப் பாருங்கள். ‘பாதிக்காமலும் இருக்கலாம்’ என்று வருகிறது. மறுத்த பிறகும் ‘லாம்’ போகவில்லை. ஐயத்தின் இயல்பு அது. இன்னும் பத்து ஆய்வுகள் வந்தாலும் மூளை போன்ற ஒரு விஷயத்தில் அது வேறு வேஷத்தில் திரும்பி வரும். அதை ஒழித்துவிட்டுத்தான் முடிவெடுப்பேன் என்பவன் முடிவெடுக்க விரும்பாதவன். ‘பயன்படுத்தலாம்’ என்பதை மறுத்துப் பாருங்கள். ‘பயன்படுத்தக் கூடாது’ என்று வருகிறது; ‘லாம்’ அங்கேயே அற்றுப்போகிறது. ஏனென்றால் அது உலகத்தைப் பற்றிய செய்தியாக எப்போதும் இருந்ததில்லை. யாரோ கொடுத்தது அது. கொடுத்தவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும்.

ஆஸ்பத்திரியில் அதைக் கொடுக்கலாம். அங்கு தராசு பிடிக்க ஆள் இருக்கிறது. சோப்பும் தண்ணீரும் போதுமான ஒரு வீட்டில், தனக்கு என்ன நேர்ந்தது என்று ஒருநாளும் சொல்ல முடியாத ஒருவனின் சார்பில், அதைக் கொடுக்க எனக்கு அதிகாரம் இருப்பதாகத் தெரியவில்லை.